விளக்கேற்றுபவரும் ஏற்றாதவரும்



துட்டி கேட்கப் போய்த் திரும்புகிறவர்களில் பாதிப் பேருக்கு, அங்கே தாங்கள் என்ன பேசினோம் என்பது தெருமுனை தாண்டும்போதே மறந்துவிடும். கேட்டவர்களுக்கு மறக்காது. "எல்லாம் அவன் எழுதினபடி" என்று ஒருவர் சொன்னது, "கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று இன்னொருவர் சொன்னது, பல வருஷம் கழித்தும் சொன்னவர் முகத்தோடு நினைவில் இருக்கும். அந்த வீட்டில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஒருவர் இருந்துவிட்டால் ஒரு கேள்வி கூடுதலாக வரும். அன்பாகத்தான் கேட்பார்கள், தோளில் கைவைத்துத்தான் கேட்பார்கள்: "இப்பவாவது சாமியைக் கும்பிடக் கூடாதாப்பா?"

இதற்கு எதிர்ப்பக்கக் கேள்வியும் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பக்தரிடம், "இத்தனை வருஷம் விழுந்து விழுந்து கும்பிட்டியே, உன் சாமி என்ன செஞ்சுது?" என்று கேட்கிற பகுத்தறிவாளர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு கேள்விக்குப் பின்னாலும் ஒரே கணக்குதான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் தளர்ந்திருக்கிறார், இப்போது இழுத்தால் நம் பக்கம் வந்துவிடுவார்.

நம்பிக்கை தரும் ஆறுதல் பெரிதா, நம்பாமல் இருப்பது தரும் தெளிவு பெரிதா என்று இந்தப் பக்கத்தில் பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் எதிரெதிர் மேசையில் உட்காரும். வாழ்க்கையில் இவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் எதுவென்று குறிப்பிடாதவர்கள் இந்தியா முழுக்கச் சுமார் 29 லட்சம் பேர்தான், மக்கள்தொகையில் 0.24 சதவீதம். ஆனால் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது குடும்பத் தலைவர் ஒரு மதத்தைச் சொல்லிவிடுவார், உள்ளே கருப்புச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அப்பா கோயில் வாசல் மிதிக்க மாட்டார், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். மகன் கட்சி வகுப்புக்குப் போவான், மருமகள் ஜெபக்கூட்டத்துக்குப் போவாள். நல்ல நாட்களில் இது கேலியும் கிண்டலுமாக ஓடிவிடும். சாவு வரும்போதுதான் ஒருவருடைய ஆறுதல் இன்னொருவருக்கு உதவவில்லை என்பது தெரியவருகிறது. எனக்கு அக்கறை அந்த இடத்தில்தான்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினுக்காக மேடையேறி வாதாடிய ஆங்கிலேய உயிரியலாளர். 1856 டிசம்பர் 31 இரவு அவர் தன் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஹென்ரியெட்டாவுக்குப் பிரசவ வலி. இனி அறிவியலில் என்ன செய்ய வேண்டும், எப்படிப்பட்ட மனிதனாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சில தீர்மானங்களை எழுதினார். நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆண் குழந்தை பிறந்தது. நோயல் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குறிப்புக்குக் கீழேயே 1860 செப்டம்பரில் அவர் இன்னொரு குறிப்பு எழுத வேண்டிவந்தது. ஸ்கார்லெட் காய்ச்சல் 48 மணி நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. நான்கு வயது நிரம்பவில்லை.

அந்த வருஷம் ஜூனில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸோடு பரிணாமம் பற்றி அந்தப் புகழ்பெற்ற மோதல் நடந்திருந்தது. மூன்று மாதத்தில் மகன் போய்விட்டான். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஹக்ஸ்லிக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர்களில் சார்ல்ஸ் கிங்ஸ்லியும் ஒருவர். பாதிரியார், நாவலாசிரியர், விக்டோரியா ராணியின் அரண்மனைக் குருக்களில் ஒருவர். ஆனால் டார்வினின் புத்தகத்தைக் கண்டு மிரளாத மதகுரு. மரணத்தோடு மனிதன் முடிந்துபோவதில்லை என்ற தன் நம்பிக்கையை அவர் நண்பனுக்கு எழுதினார். ஹக்ஸ்லி செப்டம்பர் 23 அன்று பதில் எழுதினார். நீளமான கடிதம். மகனைப் புதைத்து ஒரு வாரம்கூடச் சரியாக ஆகாத ஒரு மனிதர் எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

ஆன்மா அழியாது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை என்கிறார். நம்புவதற்கு ஆதாரம் வேண்டும் என்று உடற்கூறியல் விஷயத்திலும் உடலியங்கியல் விஷயத்திலும் கேட்கிற நான், என் மனசுக்கு மிகவும் வேண்டியதாக இருக்கிறது என்பதற்காகவே இந்த ஒன்றில் மட்டும் ஆதாரம் கேட்காமல் இருப்பது எப்படி என்று கேட்கிறார். எவ்வளவுக்கெவ்வளவு ஆசையாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. மனைவி, பிள்ளை, பெயர், புகழ் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்று அதில் வருகிறது. இந்தப் பகுதியைத்தான் நாத்திகர்கள் மேடையில் எடுத்துச் சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. அடக்கத்தின்போது குழியருகே பாதிரியார் புனித பவுலின் நிருபத்திலிருந்து வாசித்திருக்கிறார். இறந்தவர் எழுவதில்லை என்றால் உண்போம், குடிப்போம், நாளை சாகத்தானே போகிறோம் என்ற பொருள்படும் வரி அது. சடங்கில் வழக்கமாக வாசிப்பதுதான். பாதிரியார் புண்படுத்த நினைக்கவில்லை. ஆனால் ஹக்ஸ்லிக்கு அது சுரீரென்று தைத்தது. மறுமையை நம்பாததால் என் துக்கம் பொய்யாகிவிடுமா, இனி நான் தின்று குடித்துக் கிடக்க வேண்டுமா? குட்டியைச் சுட்டால் குரங்குகூடத் தன் துக்கத்தை அழுதுதான் தீர்க்கிறது, உடனே தீனியைத் தேடி ஓடுவதில்லை என்று எழுதுகிறார். நம்பாதவருடைய துக்கத்துக்கு ஆழம் கிடையாது என்று நம்புகிற உறவினர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு பத்தியை மொழிபெயர்த்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை.

அதே கடிதத்தில் ஹக்ஸ்லி இன்னொன்றும் சொல்கிறார். என் மனைவியைத் தவிர வேறு எந்த மனிதரிடமும் இவ்வளவு மனம் திறந்து பேசியதில்லை என்று. ஒரு பாதிரியாரிடம்! கிங்ஸ்லியின் ஆறுதலை அவர் ஏற்கவில்லை. கிங்ஸ்லி என்ற மனிதரை ஏற்றுக்கொண்டார். கிங்ஸ்லியும் ஆளை மடக்க முடியவில்லையே என்று விலகிப்போகவில்லை, நட்பு தொடர்ந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். ஹென்ரியெட்டா கணவரைப் போலச் சிந்தித்தவர் அல்ல. நோயல் இறந்தபோது அவர் மறுபடியும் கர்ப்பமாக இருந்தார். டிசம்பரில் லெனார்ட் பிறந்தான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று தாய் விரும்பினார். ஹக்ஸ்லிக்கு அந்தச் சடங்கு பிடிக்கவில்லை. ஆனாலும் நண்பரும் தாவரவியல் அறிஞருமான ஜோசப் ஹூக்கருக்கு எழுதினார்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மனைவிக்கு வேண்டும், நீ ஞானத்தந்தையாக இருப்பாயா? எல்லாம் போனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்று செப்டம்பரில் எழுதிய அதே ஆள்தான் ஜனவரியில் இப்படிக் கேட்கிறார். இதைக் கொள்கைச் சறுக்கல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு இன்னொரு பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் பெண்ணிடம் கொள்கை பேசாமல் இருந்தாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

டார்வினும் அப்போது ஹக்ஸ்லிக்கு எழுதினார். அவர் கடவுளையும் இழுக்கவில்லை, அறிவியலையும் இழுக்கவில்லை. காலம் ஒன்றுதான் இதை மாற்றும். என் குழந்தையை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் கண் கலங்குகிறது, ஆனால் அந்தத் துக்கம் இப்போது மென்மையாகிவிட்டது, அவள் சிரிப்பைக்கூட நினைத்துப் பார்க்க முடிகிறது என்று எழுதினார். அந்தக் குழந்தை ஆனி. 1851 ஏப்ரல் 23 அன்று மால்வெர்ன் என்ற ஊரில், பத்து வயதில் இறந்தாள். நிறைமாதக் கர்ப்பிணியாக வீட்டில் இருந்த எம்மா டார்வினால் மகளின் பக்கத்தில் இருக்க முடியவில்லை.

எம்மா பக்தி உள்ளவர். திருமணமான புதிதிலேயே கணவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்: உங்கள் சந்தேகங்கள் நம்மை மறுமையில் பிரித்துவிடுமோ என்ற பயம் அதில் இருந்தது. டார்வின் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் இறந்த பிறகு உனக்குத் தெரியட்டும் என்று அதன் அடியில் குறித்தும் வைத்தார். ஆனி போன பிறகு அவருடைய நம்பிக்கை மேலும் தேய்ந்தது. எம்மாவின் நம்பிக்கை நிலைத்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் தேவாலயத்துக்குப் போகும், டார்வின் நடக்கப் போய்விடுவார். ஆனியின் சாவு ஒருவரை ஒரு பக்கமும் மற்றவரை இன்னொரு பக்கமும் தள்ளியிருக்கிறது. இருந்தும் அந்த வீடு இரண்டாகவில்லை. துன்பம் வந்தால் மனிதன் கடவுளிடம் போவான் என்று சொல்பவர்களும், துன்பம் வந்தால் கடவுளை விடுவான் என்று சொல்பவர்களும் அந்த ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசினால் நன்றாக இருக்கும்.

சரி, இங்கிலாந்து போதும்.

நம்பிக்கையாளருக்குத் துக்க காலத்தில் கிடைப்பது மோட்சம் பற்றிய உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தால், நம் ஊர் இழவு வீடுகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். செத்தவர் எங்கே போனார் என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது ஓர் அட்டவணை. நீர்மாலை எடுப்பது யார், கோடி போடுவது யார், கொள்ளிக்குடம் உடைப்பது யார் என்று எல்லாம் முன்பே முடிவாகியிருக்கிறது. மறுநாள் பால் தெளிப்பு, அப்புறம் பதினாறாம் நாள் காரியம், மாசாமாசம், தலைத்திவசம். இஸ்லாமியர் வீட்டில் மூன்றாம் நாள் ஃபாத்திஹா, நாற்பதாம் நாள். கிறிஸ்தவர் வீட்டில் நினைவுத் திருப்பலி, பிறகு நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி வருவது. மூளை மரத்துப்போன ஒருவருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிவிடுவது சாதாரண உதவி இல்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்ற வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன தத்துவம் சொன்னாலும், நடைமுறையில் அது பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வரவழைக்கும் ஏற்பாடு. ஒப்பாரியும் அப்படித்தான். வாய்விட்டு அழ வெட்கப்படுகிறவளுக்கு அது மெட்டும் கொடுக்கிறது, துணைக்கு நாலு குரலும் கொடுக்கிறது.

இதே அட்டவணைதான் கணவனை இழந்த பெண்ணைப் பதினாறாம் நாள் நடுக்கூடத்தில் உட்கார வைத்து, பூ வைத்து, பொட்டு வைத்து, பிறகு எல்லாவற்றையும் அறுத்து அழிக்கவும் செய்தது. இன்றும் பல ஊர்களில் செய்கிறது. மகனுக்கும் பங்காளிகளுக்கும் ஆறுதல் தந்த சடங்கு அவளுக்குத் தந்தது என்ன என்று கேட்காமல், சடங்கின் அருமை பெருமை பேசுவது நியாயமில்லை. அதைக் கேட்டவர்கள் இந்த மண்ணில் பெரும்பாலும் நம்பாதவர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பாதவர்களுக்கு அட்டவணை கிடையாது. அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குச் செய்துகொண்டார்கள்: புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1920களில் தொடங்கியது, 1967இல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்டம் வந்தது. சாவுக்குப் படத்திறப்பு வந்தது. கருமாதிக்குப் பதில் ஒரு மண்டபம், இறந்தவரின் பெரிய படம், மாலை, நினைவுரைகள். நல்ல ஏற்பாடுதான். இறந்தவரைப் பற்றி, அவர் செய்ததைப் பற்றி, பெயர் சொல்லி நாலு பேர் பேசுவது சடங்கில் இல்லாத ஒன்று. ஆனால் நான் போயிருக்கிற படத்திறப்புகளில் பல, நோட்டீஸில் பெயர் போட்ட வரிசையில் பேச்சாளர்கள் பேசிக்கொண்டேயிருக்க, முன்வரிசையில் இறந்தவரின் மனைவி கைகட்டி உட்கார்ந்திருந்த கூட்டங்கள். அந்த அம்மாவை மேடையேற்றிப் பேசச் சொன்னவர்களும் குறைவு, அழவிட்டவர்களும் குறைவு. பகுத்தறிவு இயக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அழுகைக்கு இடம் வைக்காத கூட்டத்தை நினைவேந்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் தந்த வேறொரு ஆறுதல் பற்றி எனக்கு இந்தக் குறை இல்லை: கண்தானம், உடல்தானம். 2010இல் ஜோதி பாசுவின் உடல் கொல்கத்தா மருத்துவமனைக்கும், 2024இல் சீத்தாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸுக்கும் கொடுக்கப்பட்டன. தலைவர்களை விடுங்கள், ஒரு சாதாரண வீட்டில் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அதற்குள் போன் செய்து, ஆளை வரவழைத்து, உறவினர்களைச் சம்மதிக்க வைத்து முடிப்பதற்குள் குடும்பம் களைத்துவிடும். ஆனால் "அவர் கண்ணு ரெண்டு பேருக்குப் போயிருக்கு" என்று பிற்பாடு சொல்லும்போது அந்தக் குரலில் இருப்பது ஆறுதல் இல்லாமல் வேறு என்ன? பக்தர் வீடுகளும் இப்போது இதைச் செய்கின்றன.

பெரியாரின் வீட்டையும் இங்கே கொண்டுவர வேண்டும். நாகம்மையார் கோயிலுக்குப் போவதை நிறுத்த இளம் வயது ராமசாமி செய்த குறும்பு பிரபலம். நண்பர்களோடு மைனர் வேஷத்தில் கோயிலுக்குப் போய், மனைவி அஞ்சி ஓடும்படி கேலி செய்ய வைத்தார் என்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு பெண்ணின் நம்பிக்கையை அச்சுறுத்தி விலக்குவது வாதமே இல்லை. ஆனால் 1933 மே 11 அன்று நாகம்மையார் மறைந்தபோது, 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதிய இரங்கலைப் படியுங்கள். தான் இழந்தது எதை என்று பெயர் சொல்ல முடியாமல் அந்த மனிதர் தவிக்கிறார். ஊருக்குச் சொன்ன பெண் விடுதலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தன் மனைவி விஷயத்தில் நடத்திக் காட்டினேன் என்று சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். மோட்சம், விதி, ஆண்டவன் சித்தம் எதையும் துணைக்கு அழைக்காமல் எழுதப்பட்ட இரங்கல் அது. அதனால்தானோ என்னவோ, தப்பித்துக்கொள்ள அதில் இடமே இல்லை. நம்பாதவருக்கு ஆறுதல் குறைவு என்று சொல்வதை இந்த ஓர் அர்த்தத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். பழியை மேலே தள்ளிவிட அவருக்கு ஆள் இல்லை.

 

ஆறுதலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாழ்வதற்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்கிறார்களே, அதற்குக் கோராவைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902இல் பிறந்த தெலுங்கர், தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் பாடம் நடத்தியவர் என்பதால் நமக்கும் கொஞ்சம் சொந்தம். நாத்திகம் பேசியதற்காகக் காக்கிநாடாவில் கல்லூரி வேலை போனது. கர்ப்பிணி கிரகணம் பார்க்கக் கூடாது என்ற பயத்தை உடைக்க, மனைவி சரஸ்வதி வயிற்றுப் பிள்ளையோடு வெளியே நின்று கிரகணம் பார்த்தார். உப்பு சத்தியாகிரக வருஷத்தில் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயர். 1940இல் வேலையை விட்டுவிட்டு கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரு கிராமத்துக்குப் போய் நாத்திக மையம் தொடங்கினார். 1947இல் அது விஜயவாடாவுக்கு இடம் மாறியது.

இவர் 1930இலிருந்தே காந்திக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடவுள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. காந்தியின் பதில் அவருக்குப் போதவில்லை. 1941இல் நேரில் வரட்டுமா என்று கேட்டபோது, நாத்திகம் தன்னையே மறுப்பது என்று காந்தி எழுதிவிட்டார். 1944 கடைசியில்தான் சேவாகிராமத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். கல்கத்தா தெருக்களில், பஞ்ச காலத்தில், உணவுக் கடைகளுக்கு அருகிலேயே மனிதர்கள் பட்டினியில் செத்ததைக் கோரா சொன்னார். செத்தவர்களும் விதி என்று இருந்தார்கள், கடைக்காரர்களும் விதி என்று இருந்தார்கள். இந்த மனநிலை போக வேண்டும் என்றால் கடவுளும் விதியும் போக வேண்டும் என்பது அவர் வாதம். துட்டி வீட்டில் சொல்கிற அந்த "எல்லாம் அவன் எழுதினபடி" பொதுவாழ்வுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் வேண்டாம்.

காந்தி அதற்கு மறுப்பு அடுக்கவில்லை. என் ஆத்திகம் சரி, உன் நாத்திகம் தவறு என்று என்னால் சொல்ல முடியாது, இருவரும் உண்மையைத் தேடுகிறோம், நடப்பில் பார்ப்போம், நீ என் வழிக்கு வரலாம், நான் உன் வழிக்கு வரலாம், இருவருமே மூன்றாவது வழியில் போகலாம் என்ற பொருளில் பேசினார். கடவுள்தான் சத்தியம் என்று சொல்லிவந்தவர், 1931 வாக்கிலேயே சத்தியம்தான் கடவுள் என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நாத்திகர்களும் சத்தியத்தை மறுப்பதில்லை என்பது.

கோரா தன் மகள் மனோரமாவை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்குக் கட்டிக்கொடுக்க முடிவு செய்தபோது, அதை ஆசிரமத்திலேயே நடத்திவைக்கக் காந்தி ஒப்புக்கொண்டார். சடங்கில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் சத்தியத்தின் பெயரால் என்று சொல்லவும் சம்மதித்தார். கல்யாணத்துக்கு அவர் இருக்கவில்லை. 1948 ஜனவரி 30 வந்துவிட்டது. மார்ச் 13 அன்று சேவாகிராமத்தில் அந்தத் திருமணம் நடந்தது. கோரா பிறகு எழுதிய 'அன் ஏதீஸ்ட் வித் காந்தி' என்ற சிறு நூலை 1951இல் வெளியிட்டது காந்தியின் நவஜீவன் பதிப்பகம்தான். நூறு பக்கம்கூட இல்லாத அந்தப் புத்தகம் கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

கோரா குடும்பத்தைக் கூர்ந்து பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவர்களுக்கு வாழ்க்கையின் அர்த்தம் நாத்திகத்திலிருந்து வரவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாது. சாதி ஒழிப்பு, சமபந்தி, குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஸ்டூவர்ட்புரம் மக்களின் மறுவாழ்வு என்று லவணமும் அவர் மனைவி ஹேமலதாவும் செய்த வேலைகளிலிருந்து வந்தது அது. நாத்திகம் அந்த வேலைக்குக் குறுக்கே நின்ற சில பயங்களை எடுத்துப் போட்டது. பக்தர் பக்கமும் இதே கதைதான் என்பது என் எண்ணம். வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டும் யாரும் வாழ்ந்துவிடவில்லை. தினமும் கோயில் பிராகாரம் கூட்டுகிறவர்கள், அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறவர்கள், மருத்துவமனையில் ஆளில்லா நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரும் கன்னியாஸ்திரிகள் ஆகியோரிடம் காணும் நிறைவு, உட்கார்ந்து தத்துவம் பேசுகிற பக்தரிடம் கிடையாது.

இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் இருந்தார்கள். சுனாமியில் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் மாதா காப்பாற்றினாள் என்றார்கள். அவர்கள் பிழைத்தவர்கள், அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கரையில் பிள்ளையை விட்டவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும். பக்கத்தில் நாகூரில் அப்போது வேறொன்று நடந்தது. பிணங்களைப் புதைக்க இடமில்லாமல் தவித்த நேரத்தில் தர்கா தன் நிலத்தைக் கொடுத்தது. எந்த மதத்து உடல் என்று பார்க்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாட்கள் அவை. கடவுள் ஏன் இதைச் செய்தார் என்ற கேள்விக்கு எந்த மதத்திடமும் எனக்குச் சமாதானமான பதில் கிடைத்ததில்லை. அந்த நிலத்தைப் பற்றி மட்டும் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

ஹக்ஸ்லியை நடுவிலேயே விட்டுவிட்டேன். 1895இல் அவர் இறந்தபோது ஃபின்ச்லி இடுகாட்டில் நோயலின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் அவர் விருப்பப்படியே பொறிக்கப்பட்டவை மனைவியின் கவிதை வரிகள். அவற்றில் கடவுள் வருகிறார். அந்த உறக்கம் முடிவில்லாததாகவும் இருக்கக்கூடும் என்ற எண்ணமும் வருகிறது. கணவர், மனைவி இருவரும் கையெழுத்துப் போடக்கூடிய வாசகத்தை அந்த அம்மா எப்படியோ எழுதிவிட்டார். நம் வீடுகளில் அப்படி ஒரு வாசகத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் முயன்றிருக்கிறோம்? அப்பா நாத்திகராகவே இருந்து செத்தார் என்று தெரிந்தும், ஊருக்குப் பயந்து அவர் நெற்றியில் பட்டை போட்டு எடுத்துப்போன வீடுகள் எனக்குத் தெரியும். அம்மா கடைசிவரை கும்பிட்ட முருகன் படத்தை, கொள்கைக்காக அவர் தலைமாட்டிலிருந்து எடுத்து வைத்த மகனையும் தெரியும். இருவருமே இறந்தவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வதில் என்ன அபசகுனம்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் விளக்கேற்றுபவரும் ஏற்றாதவரும் சேர்ந்து ஒரு துக்கத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எந்தச் சடங்கைச் செய்தீர்கள், எதை விட்டீர்கள், யார் விட்டுக்கொடுத்தது, யார் சொன்ன வார்த்தை உதவியது, எது குத்தியது என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். கடவுள் உண்டு, இல்லை என்று நிரூபிக்கும் கடிதங்களைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அவை ஏற்கெனவே அலுவலகத்தில் நிறைய இருக்கின்றன. பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். கையெழுத்துப் பிரதியானாலும் சரி, போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி. எழுத வராத பாட்டிமார் யாராவது சொல்ல விரும்பினால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள், அவர்கள் பேச்சைத் திருத்தாமல்.

அன்புடன்,
ஆசிரியர்